வாசிக்கத் தெரியாதவர்கள் பட்டியல்

போன வாரம், புதிதாக ஆய்வு அலுவலர்களாகச் சேர்ந்திருக்கும் உங்கள் பயிற்சியின் கடைசி நாளில் என்னைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். பள்ளிக்குள் நுழைந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும், ஆய்வுக் குறிப்பை எப்படி எழுத வேண்டும் என்றெல்லாம் பேசினேன். கைதட்டினீர்கள். முடியும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், உங்க சர்வீஸ்ல நீங்க செஞ்ச பெரிய தப்பு எது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து, "ஒண்ணு ரெண்டா இருந்தா சொல்லலாம்" என்று மழுப்பிவிட்டு இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த மழுப்பல் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் கேட்டதுதான் அன்று அந்த அறையில் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி. அதற்குப் பதில் இது.

நான் ஆய்வு அலுவலராக வந்தபோது எனக்குக் கொடுத்த வட்டத்தில் புதுச்சேரி நகரத்துக்குள் இருக்கும் அரசுப் பள்ளிகளும், உழவர்கரைப் பக்கம் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் சில பள்ளிகளும் இருந்தன. ஒவ்வொரு ஜூன் மாதமும் தலைமை ஆசிரியர் அறை வாசலில் டி.சி. வாங்க வந்த பெற்றோர்கள் வரிசையாக நிற்பார்கள். தெருவில் எல்லாப் பிள்ளைகளும் வேனில் போகிறார்கள், தன் பிள்ளை மட்டும் நடந்து போகிறது என்பார் ஒருவர். அவரை எப்படிக் குறை சொல்வது? பிள்ளைகள் குறையக் குறைய, சின்னப் பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்ற பேச்சும் அடிக்கடி கிளம்பும். அதனால் தலைமை ஆசிரியர்கள் எப்போதும் கொஞ்சம் பயத்திலேயே இருந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். அன்று நான் இதை மனதில் வைத்திருக்கவில்லை.

அந்த வருடம் ஒரு உத்தரவு வந்தது. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையையும் தமிழில் ஒரு பத்தி வாசிக்க வைத்துப் பார்க்க வேண்டும். படிவத்தில் மூன்று கட்டங்கள். சரளமாக வாசிப்பவர், திக்கித் திக்கி வாசிப்பவர், வாசிக்கத் தெரியாதவர். உத்தரவு நல்லதுதான். யாருக்கு எங்கே உதவி தேவை என்று தெரிந்துகொள்ளத்தான் அதைப் போட்டார்கள்.

தாள்கள் வந்து சேர்ந்தன. எல்லாப் பள்ளியிலும் பெரும்பாலானவர்கள் சரளம், கொஞ்சம் பேர் திக்கல், தெரியாதவர் ஒன்றிரண்டு. ஒரே ஒரு பள்ளியின் தாள் மட்டும் தலைகீழாக இருந்தது. மார்க்கெட்டுக்குப் பின்னால் பள்ளிவாசல் தெருவை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளி. தையல்காரர்கள், ரொட்டிக்கடையில் வேலை செய்பவர்கள், தட்டாஞ்சாவடிப் பட்டறைகளுக்குப் போகிறவர்கள், இவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் இடம். ஆறாம் வகுப்பில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது என்று எழுதியிருந்தார் அதன் தலைமை ஆசிரியை. வெறும் எண்ணாக எழுதவில்லை, தனித்தாளில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி இணைத்திருந்தார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதக் கூடாது என்று அவரே கேட்டுக்கொண்டார். நகரத்தில் பல தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்த குடும்பம். மெல்லிய குரல். கூட்டங்களில் வாய் திறக்கவே மாட்டார்.

வட்டத்துத் தலைமை ஆசிரியர்களின் மாதாந்திரக் கூட்டம் ஒரு பழைய பள்ளியின் பெரிய ஹாலில் நடந்தது. அன்று காலையில்தான் என் மேலதிகாரி போனில் பிடித்துக்கொண்டார். "உங்க வட்டத்துல ஒரு ஸ்கூலால மொத்த ரிப்போர்ட்டும் அசிங்கமா இருக்கு. என்ன பண்றீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதவி புதிது. அந்தச் சூட்டை அப்படியே சுமந்துகொண்டு ஹாலுக்குள் போனேன். முதல் வேலையாக அந்தத் தலைமை ஆசிரியையை எழுந்திருக்கச் சொன்னேன்.

"இத்தனை ஸ்கூல் இருக்கு. எல்லாருக்கும் அதே புக்கு, அதே சம்பளம். உங்க ஸ்கூல்ல மட்டும் ஏன் இப்படி?"

எழுந்து நின்றார். முந்தானையைச் சரி செய்துகொண்டார். "எங்க ஸ்கூல்ல மட்டும்தானான்னு எனக்குத் தெரியாது மேடம். எங்க ஸ்கூல்ல இப்படி இருக்கு. அதை எழுதினேன்."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மற்றவர்களைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். "இருபது வருஷ சர்வீஸ்ல இதைச் சொல்றதுக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் கேட்டேன். உட்காரச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவராகவே உட்கார்ந்தார்.

மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ அனுப்பினேன். பதில் ஒரே பக்கத்தில் வந்தது. ஆசிரியர் பற்றாக்குறை, பெற்றோர் அக்கறையின்மை என்று வழக்கமாக எழுதும் எதுவும் அதில் இல்லை. பாடப் புத்தகத்துப் பத்தியைக் கொடுத்தால் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறார்கள், அதனால் தானே புதிதாகப் பத்திகள் எழுதி ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துக் கேட்டதாக எழுதியிருந்தார். கடைசி வரி, "நேரில் வந்து பார்க்கும்படி வேண்டுகிறேன்." படித்தேன், கையெழுத்துப் போட்டேன், கோப்பில் சேர்க்கச் சொன்னேன். நேரில் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து இரண்டாம் சுற்றுத் தாள்கள் வந்தன. என் வட்டம் ஜொலித்தது. எல்லாப் பள்ளியிலும் சரளம். "திக்கித் திக்கி" என்ற கட்டம்கூடப் பல தாள்களில் காலி. மார்க்கெட் பள்ளியின் தாளில் மட்டும் பழையபடி நீளப் பட்டியல், அதில் நாலைந்து பெயர்கள் குறைந்திருந்தன. அந்த ஒரு பள்ளியை விட்டால் உங்க வட்டம்தான் முதலில் இருக்கும் என்று மேலதிகாரி பாராட்டினார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்? மூன்றே மாதத்தில் அத்தனை பிள்ளைகள் எப்படி வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

உழவர்கரைப் பக்கம் ஒரு பள்ளி. அதன் தாள்தான் எல்லாவற்றிலும் சிறந்தது. தலைமை ஆசிரியரைப் பாராட்டிவிட்டு வரலாம் என்று ஒரு நாள் மதியம் போனேன். சாப்பாட்டு நேரம். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கரும்பலகை, அன்றைய சாப்பாடு என்ன என்று எழுதிப் போடுவதற்கு. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, இரட்டைச் சடையில் சிவப்பு ரிப்பன், தட்டோடு அங்கே நின்றிருந்தாள். பேச்சுக் கொடுக்கத்தான் கேட்டேன்.

"இன்னைக்கு என்னம்மா சாப்பாடுன்னு போட்டிருக்கு?"

பலகையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. "சாம்பார் சாதம், முட்டை, மிஸ்."

பலகையில் "தக்காளி சாதம், சுண்டல்" என்று இருந்தது. நேற்று எழுதியதை யாரும் அழிக்கவில்லை. சாம்பார் வாசனை ஹால் முழுக்க அடித்தது. முட்டைத் தட்டும் எதிரே மேஜையில் இருந்தது.

அவள் என்னை ஏமாற்றவில்லை. முதல் வகுப்பிலிருந்து அவள் அப்படித்தான் சமாளித்து வந்திருக்கிறாள், மூக்காலும் கண்ணாலும் பக்கத்துப் பிள்ளையின் முகத்தாலும். நான் சரி என்று தலையாட்டினேன். தட்டை நீட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். நான் பலகையை இன்னொரு தடவை வாசித்தேன்.

தலைமை ஆசிரியர் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். நல்ல மனுஷர். மழைக்காலத்தில் தன் பைக்கிலேயே பிள்ளைகளைக் கொண்டுபோய் வீட்டில் விடுபவர்.

"சார், ஆறாவதுல படிக்கத் தெரியாதவங்க யாருமே இல்லன்னு போட்டிருக்கீங்க."

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உள்ளதைச் சொல்லட்டுமா மேடம்?"

"சொல்லுங்க."

"மொத தடவையே நான் பாதிதான் உண்மை எழுதினேன். அடுத்த தடவை முழுசா எழுதிடணும்னு இருந்தேன். நீங்க அந்த மேடத்தை எழுப்பி நிக்க வெச்சீங்க பாருங்க, மீட்டிங் முடிஞ்சு டீக்கடையில நாங்க நாலஞ்சு பேரு நின்னோம். யாரும் அதிகம் பேசல. இனிமே எல்லாம் சரளம்தான் சார்னு ஒருத்தர் சொன்னாரு. அவ்ளோதான் மேடம்."

அவர் என்னைக் குற்றம் சாட்டுகிற மாதிரி பேசவில்லை. மழை வந்தால் குடை பிடிப்போம் என்பதைப் போலச் சொன்னார். என் வட்டத்தில் உண்மை எழுதிய ஒரே ஒருவரைப் பிடித்து எல்லோர் முன்னாலும் நிற்க வைத்திருந்தேன். மற்ற எல்லோரும் அதிலிருந்து பாடம் படித்துக்கொண்டார்கள். நான் நடத்திய பாடம்தான் அது.

மறுநாள் காலை யாருக்கும் சொல்லாமல் மார்க்கெட் பள்ளிக்குப் போனேன். முதல் பீரியடில் வகுப்பறைகள் கலைந்து கிடந்தன. பிள்ளைகள் வகுப்புப்படி உட்காரவில்லை, வாசிப்பு நிலைப்படி சின்னச் சின்னக் கூட்டமாக, மாடிப்படியில் சிலர், வராண்டாவில் சிலர், லேபில் சிலர் என்று உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது படிக்கும் பையனும் நாலாவது படிக்கும் பெண்ணும் ஒரே கூட்டத்தில். பெரிய பிள்ளைகளுக்கு அவமானமாக இருக்காதா என்று கேட்டேன்.

"ஆரம்பத்துல இருந்துச்சு மேடம்" என்றார் தலைமை ஆசிரியை. "மாடிப்படின்னா மக்குன்னு பேரு வெச்சாங்க. அதுலேர்ந்து திங்கட்கிழமை திங்கட்கிழமை இடத்தை மாத்திடறோம். இப்ப யாரு எந்த லெவல்னு எங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

வீட்டிலிருந்து எழுத்து உள்ள ஏதாவது ஒன்றைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார். ஒருத்தன் அப்பாவின் தையல் அளவு நோட்டை வைத்துக்கொண்டு "தோள், கை, கழுத்து" என்று விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு பெண்ணிடம் கல்யாணப் பத்திரிகை. இன்னொருத்தியிடம் வீராம்பட்டினம் தேர்த் திருவிழா நோட்டீஸ். முக்கால் மணி நேரம் அங்கேயே நின்று பார்த்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

பிறகு அவர் அறைக்குப் போனோம். "டீச்சர், அன்னைக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க" என்றேன். இதைச் சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

அவர் மேஜையைப் பார்த்தபடியே சொன்னார். "வேணாம் மேடம்."

"என்ன வேணாம்?"

"இங்க வேணாம். வெக்கமா இல்லையான்னு நீங்க கேட்டது அந்த ஹால்ல. வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் சாப்பிடல நான். என் பொண்ணு கேட்டா என்னன்னு சொல்றதுன்னுகூடத் தெரியல. ஆனா இப்ப அதுக்காகச் சொல்லல. என்கிட்ட மட்டும் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிட்டீங்கன்னா எனக்கு மனசு ஆறும். மத்தவங்க எழுதற ஷீட்டு மாறாது. கேக்கறதா இருந்தா அங்கேயே கேளுங்க. இல்லன்னா விட்டுடுங்க, நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

அவர் குரல் உயரவே இல்லை. அவர் வரவழைத்த காபியைக் குடித்துவிட்டு, கேட்கிறேன் என்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நாலு நாள். என் வட்டத்தின் தாள்களைத் தொகுத்த அறிக்கை மேலே போய், பெரிய கூட்டத்தில் வைப்பதற்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அனுபவசாலி, என் மேல் அக்கறை உள்ளவர். "அவசரப்படாதீங்க மேடம். அடுத்த ரவுண்டுல அஞ்சு பேரு, அதுக்கடுத்த ரவுண்டுல பத்து பேருன்னு சேர்த்துக்கிட்டே வந்தா யாருக்கும் உறுத்தாது. நீங்களும் தப்பிச்சுடுவீங்க, அவங்களும் தப்பிச்சுடுவாங்க" என்றார்.

உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒருவர் யோசனை சொல்வார். சொல்பவர் கெட்டவராக இருக்க மாட்டார். யோசனையும் கேட்க நியாயமாகவே இருக்கும். ஒரு ராத்திரி முழுக்க அதைத்தான் செய்வது என்று முடிவு செய்திருந்தேன். காலையில் பல் தேய்க்கும்போது ஒன்று தோன்றியது. அந்த இரண்டு ரவுண்டு முடிவதற்குள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நடுநிலைப் பள்ளியை விட்டே போயிருப்பார்கள். தாள் மெதுவாகச் சரியாகும். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு கணக்கும் போட்டேன். முதலில் மேலதிகாரியிடம் போனால் அவர் வேண்டாம் என்பார். வேண்டாம் என்று சொன்ன பிறகு ஹாலில் பேசினால் அது கீழ்ப்படியாமை. அதனால் முதலில் ஹால், பிறகு அவர். இது சரியா தவறா என்று இன்றுவரை எனக்கு முழுத் தெளிவு இல்லை. அவரிடம் நான் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன்.

அந்த மாதக் கூட்டம். எல்லோரும் உட்கார்ந்த பிறகு நான் எழுந்து நின்றேன். மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "நாலு மாசம் முன்னாடி இதே ஹால்ல ஒரு டீச்சரை எழுப்பி நிக்க வெச்சு, வெக்கமா இல்லையான்னு கேட்டேன். வெக்கப்பட வேண்டியது நான். அவங்க மட்டும்தான் இந்த வட்டத்துல உண்மையை எழுதினாங்க. அவங்ககிட்ட எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். உங்களைப் பொய் எழுத வெச்சதும் நான்தான். அதுக்கு உங்ககிட்டயும் கேக்கறேன். ஷீட்டைத் திருப்பி வாங்கிக்கறவங்க வாங்கிக்கலாம். யாருக்கும் மெமோ வராது. வந்தா எனக்குத்தான் வரும்."

அந்தத் தலைமை ஆசிரியையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பள்ளிவாரித் தாள்களை மேஜை மேல் பரப்பினேன். உழவர்கரைத் தலைமை ஆசிரியர் எழுந்து முன்னால் வந்தார். "என் ஷீட்டைக் குடுங்க மேடம்" என்று கையை நீட்டினார். பிறகு வேறொரு தலைமை ஆசிரியை. பிறகு இரண்டு பேர் சேர்ந்து. எல்லோரும் வரவில்லை. சிலர் தலை குனிந்தபடியே இருந்தார்கள், அவர்களை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பாதிக்கு மேல் வாங்கிக்கொண்டார்கள்.

மதியம் மேலதிகாரி முன்னால் நின்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "போன மாசம் நீங்க அனுப்பினது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?" என்றார்.

"போன மாசம் அனுப்பினது சார்."

"கூட்டத்துல என்னை நிக்க வெச்சுக் கேப்பாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் மேலே ஒரு ஹால் இருந்தது, அங்கே அவரையும் நிற்க வைப்பார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசியில், "எழுத்துல குடுங்க" என்றார். கொடுத்தேன். பட்டியலில் என் வட்டம் கடைசிக்குப் போனது. விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. வரவேண்டிய பதவி உயர்வு என்னைத் தாண்டி வேறொருவருக்குப் போனது. கஷ்டமாகத்தான் இருந்தது. அதைத் தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். தப்புக்குக் கிடைத்தது என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அதே அதிகாரி, நான் கேட்டதில் ஒன்றை மட்டும் மறுக்கவில்லை. வட்டம் முழுக்க தினமும் முதல் பீரியடை வாசிப்புக்கு ஒதுக்க அனுமதி கொடுத்தார்.

மார்க்கெட் பள்ளித் தலைமை ஆசிரியை மற்ற பள்ளிகளுக்குப் போய் எப்படிச் செய்வது என்று காட்டினார். ஹாலில் நான் பேசியதைப் பற்றி என்னிடம் அவர் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. அடுத்த கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். எல்லாப் பிள்ளைகளும் படித்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சில பள்ளிகளில் நன்றாக நடந்தது, சிலவற்றில் பெயருக்கு நடந்தது. எட்டாவது முடித்துப் போன சிலரை நாங்கள் விட்டுவிட்டோம். அவர்கள் இன்று இந்த ஊரில் எங்கேயோ வேலை பார்க்கிறார்கள், பஸ் போர்டைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு ஏறுகிறார்கள்.

அதற்கு அடுத்த வருடம் ஒரு காலை, வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. பணியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்த ஒரு இளம் தலைமை ஆசிரியர். குரலே சரியில்லை.

"மேடம், காலங்காத்தால தொந்தரவு பண்றேன். ஒரு கெட்ட சேதி. எங்க ஸ்கூல்ல ஏழாவதுல ஒம்போது பேருக்கு எழுத்தே தெரியல. நேத்துதான் ஒவ்வொருத்தரா உக்கார வெச்சுப் பார்த்தேன். மொத ஷீட்டுல தப்பா அனுப்பிட்டேன். என்ன பண்றதுன்னு தெரியல, அதான் உங்களுக்கே பண்ணிட்டேன்."

யாரும் கேட்காமல், யாரும் கண்டுபிடிக்காமல், அவராகவே சொன்னார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். என் பணிக்காலத்தில் எனக்கு வந்த போன்களில் அதைவிட நல்ல சேதி வேறு எதுவும் இல்லை.

"ஒம்போது பேரு பேரையும் சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றேன்.

ஒவ்வொன்றாகச் சொன்னார்.